பிளாசியாரின் பெட்டி

பிர்கு, மால்டா
1942, ஏப்ரல்

அன்புள்ள தம்பி நேனுவுக்கு,

சர்வேசுரனுடைய கிருபையால் நானும் உன் அண்ணி ஜூசாவும் உயிரோடு இருக்கிறோம். அதே கிருபையால் கோசோத் தீவில் நீங்கள் எல்லோரும் எங்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குண்டுக்குப் பயந்து கோட்டைக் கொத்தளத்துக்கு அடியில் சுரங்கத்துக்குள் பெருச்சாளி மாதிரி எத்தனை நாள் கிடப்பீர்கள், இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். பெருச்சாளிக்குத் தனி வளை உண்டு தம்பி. எங்களுக்கு அதுவும் இல்லை.

காரணம், எதிர்வீட்டில் இருந்த சல்வு. கப்பல்பட்டறைக்காரன், கோயிலில் புனித பிளாசியார் சபையின் செயலாளர். எதிரி விமானங்களின் குண்டு விழ ஆரம்பித்ததும் சபையார் கூடி, மனிதர்கள் எப்படியோ போகட்டும், புனிதரின் சுரூபத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதை சல்வு செய்த ஒரு பெரிய மரப்பெட்டியில் கிடத்தி, எங்கள் சுரங்கத்துக்குள் தூக்கி வந்து, சரியாக என் படுக்கை இருந்த இடத்தில் இறக்கினார்கள். ஆசீர்வதிக்கத் தூக்கிய கை பெட்டிக்குள் அடங்கவில்லை என்று சல்வு மூடியில் அந்த இடத்தில் ஒரு கூம்பு வைத்து அடித்திருந்தான். நான் காலை நீட்டினால் புனிதருக்கு உதை, மடக்கினால் முட்டி உயிர் போகிறது. ஆயராக இருந்து தொண்டை நோய் தீர்த்த புனிதர் நடுவில் படுத்திருக்க, ஈரம் சொட்டும் பாறைக்குள் சுற்றிலும் நாங்கள் விடிய விடிய இருமுகிறோம்.

"சல்வு, பெட்டிய நிமித்தி வைடா, ரெண்டு பேர் படுக்கலாம்" என்றேன்.

"படுத்திருக்கிற ஆயரை நிக்கச் சொல்றீங்களே அண்ணே, அடுக்குமா?"

"வருஷம் பூரா அவர் கோயில்ல நின்னுக்கிட்டுதானேடா இருந்தார்?"

"அதான் களைச்சுப் போயிருக்கார்."

இவனோடு என்ன பேசுவது? ஜூசா ஒருநாள் அந்தக் கூம்பில் என் ஈரச் சட்டையைக் காயப்போட, சல்வுவின் மனைவி கொன்செத்தா, மகளுக்குத் தலை வாரியபடியே, "அது புனிதர் கை அக்கா, கொடிக்கயிறு இல்ல" என்றாள். "ஆசீர்வாதம் பண்ற கைதானே, அவர் சட்டைக்கும் கொஞ்சம் பண்ணட்டும்" என்றாள் உன் அண்ணி. அதோடு இரண்டு பெண்களுக்கும் பேச்சு நின்றது.

போன செவ்வாய்க்கிழமை ஆபத்து நீங்கிய சங்கு ஊதியதும் சல்வு எழுந்தான். புனிதரின் வெள்ளிக் கோல் கோயிலிலேயே தங்கிவிட்டதாம், கோல் இல்லாமல் ஆயர் கிடப்பது அவனுக்கு மனசு கேட்கவில்லையாம். "திரும்ப வருவானுங்கடா, நாளைக்குப் போ" என்றேன். "நாளைக்கும்தான் வருவானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். வந்தார்கள். இந்தக் கோட்டை மதில் அந்தக் காலத்தில் துருக்கியனை நிறுத்தியது என்று பெருமை பேசுவோமே, அவன் பாவம் தரையில் வந்தான். கோயிலின் நாலு சுவர் நிற்கிறது, கூரை மொத்தமும் சல்வு மேல் கிடந்தது. சாயங்காலம்தான் எடுக்க முடிந்தது.

சவப்பெட்டிக்கு ஊரில் பலகை இல்லை, கதவு ஜன்னல் எல்லாம் அடுப்புக்குப் போய்விட்டன. பங்குச் சாமியார் பிளாசியாரின் பெட்டியைப் பார்த்தார். கொன்செத்தாதான், "எடுங்க சாமி, எங்க வீட்டுக்காரர் செஞ்சதுதானே" என்றாள். புனிதரைத் தரையில் கிடத்தி, ஜூசா தன் போர்வையால் போர்த்தினாள்.

கூம்பு வைத்த பெட்டியில் சல்வுவைத் தூக்கிப் போகையில், ஒரு கிழவி புனிதர்தான் போகிறார் என்று இடிபாட்டில் முழங்கால் போட்டு, காணாமல் போன ஆட்டைக் கேட்டு வேண்டிக்கொண்டாள். கோட்டை வாசலுக்கு வரும்போது மறுபடி அபாயச் சங்கு. தூக்கியவர்கள் வளைவுக்கு அடியில் பெட்டியை வைத்துவிட்டு ஓடினார்கள். எனக்கு ஓட முட்டி ஏது? சல்வுவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து சுண்ணாம்பு கொட்டிக்கொண்டே இருந்தது. அரைமணி நேரம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தான். அது என்னால் தாங்க முடியவில்லை தம்பி.

இப்போது என் படுக்கைக்கு இடம் இருக்கிறது. தூக்கம் இல்லை. இந்த மதிலும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். சனிக்கிழமைப் படகில் நாங்கள் இருவரும் வருகிறோம். மாடி அறையை ஒழித்து வை. அன்னை மரியாள் உங்கள் வீட்டுக் கூரையைக் காப்பாளாக.

உன் அண்ணன்,
கார்மனு

பி.கு.: மாடி அறையை ஒழி, ஆனால் எங்களுக்காக அல்ல. படகில் கிடைத்தது இரண்டே இடம். "நாம போய் என்ன கிழிக்கப் போறோம்" என்றாள் ஜூசா. நானும் எதிர்த்துப் பார்த்தேன், மனதில்லாமல். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு நிற்பவள்தான் கொன்செத்தா. உட்காரச் சொல். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் மகள். விமானச் சத்தம் கேட்டால் அந்தப் பிள்ளை மேசைக்கு அடியில் போய்விடும். இழுக்காதே. ரொட்டியை அங்கேயே நீட்டு, வாங்கிக்கொள்ளும்.