எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். அவளுடைய முழங்கால் மட்டும் பழையபடிதான். வீடும் இன்று வரை உலர்ந்து சுகமாக இருக்கிறது.

நிற்க. மனிதர்கள்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. ஆற்றங்கரையில் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டப்போகிறார்களாம், எதுவரை கட்டுவது என்று மக்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம், அதற்குப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மேசை கொள்ளாத வரைபடம், அதில் நம் வீடு தீப்பெட்டி அளவு. பொறியாளர் அம்மா வீட்டுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்து, "போன வெள்ளத்துல தண்ணி உள்ள வந்திருந்தா உங்க வீட்டு மேல ஒட்டுங்க. ஸ்டிக்கர் இருக்கிற இடம் வரைக்கும்தான் சுவர்" என்றார்.

நம் தெருவில் இருபத்திரண்டு வீடு. இருபத்திரண்டிலும் தண்ணீர். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டிய வீடு விலைபோகாது என்று யாரோ கிளப்பிவிட, மாடிக்குக் குடித்தனம் தேடும் பல் டாக்டர் தன்னுடையதைக் கொண்டுபோய் விளையாட்டு மைதானத்தில் ஒட்டினார், அடுத்த வீட்டு வக்கீல் "வாசல் வரைக்கும் வந்துச்சு, எட்டிப் பாத்துட்டுப் போயிடுச்சு" என்று திருப்பியே கொடுத்துவிட்டார், மூன்று நாள் மொட்டைமாடியில் குடையோடு உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர் நேராக ஆற்றின்மேலேயே ஒட்டிவிட்டு, "தண்ணி இங்கதான் இருந்துச்சு" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பொறியாளர் அம்மா வெகுநேரம் பார்த்தார். "அப்ப உங்க தெரு பாதுகாப்பான தெரு. சுவர் முந்தின தெருவோட நின்னுடும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சபை நாகரிகத்துக்காக நானும் தட்டினேன்.

வயிறு எரிகிறது தம்பி. உன் அண்ணியால் மாடிப்படி ஏற முடியாது. போன தடவை நானும் அதே வக்கீலும்தான் அவளை நாற்காலியோடு தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தோம். ஒரு பகல் முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி வருகிற வெள்ளம் சுவரில் முட்டி நம் தெருவுக்குள்தான் திரும்பும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு ஆள் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும்.

ஆகையால் நம் வீட்டை வாங்க நீ பார்த்துவைத்திருக்கும் ஆளை இந்த ஞாயிறே அழைத்து வா. வெயில் அடிக்கும்போது பார்த்தால் நல்லது.

பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல் மேடான இடத்தில் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒன்று. என் ஸ்டிக்கரை நானும் ஒட்டவில்லை. சட்டைப்பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. துவைக்க எடுத்தபோது உன் அண்ணி பார்த்துவிட்டாள். "இது என்னங்க?" என்றாள். சொன்னேன். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனாள். தண்ணீர் நின்ற உயரத்தில், என் இடுப்பளவுக்கு, வாசற்கதவில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தெருக்கோடி வரை தெரிகிறது. நான் அதைப் பிய்க்கவில்லை. சற்று முன் தலைமையாசிரியர் வந்து நின்று பார்த்துவிட்டு, "இன்னொண்ணு கிடைக்குமா சார்?" என்று கேட்டார். நாளைக்கு இருவரும் அந்தப் பொறியாளர் அம்மாவின் ஆபீசுக்குப் போகிறோம். நீ ஆளை அழைத்து வராதே.