முந்நூற்றுப் பன்னிரண்டு சேனையும் ஒரு தலையும்

இயேசு மரி சூசை துணை

புல்லாட்டுப்பாறை, ஒன்பதாம் வார்டு
கர்க்கடக மாசம் 25, ஞாயிறு மத்தியானம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அளியன் குஞ்ஞுதொம்மன் சேட்டனுக்கு, தங்கள் தங்கை ஏலிக்குட்டியின் கணவன் இட்டியவிரா வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஏலியும் கர்த்தர் கிருபையால் ஆளுக்கொரு இருமலோடு நலம். அங்கே தாங்களும் அண்ணியும் மாடுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அரை மைல் தூரத்தில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. நேரில் வந்தேன், நாயை அவிழ்த்துவிட்டீர்கள். அதனால்தான் பால் கொண்டுவரும் சாராம்மையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளை நாய் ஒன்றும் செய்யாது.

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு சேனைக்கிழங்குகூட இல்லை. நட்டதும் இல்லை, தோண்டியதும் இல்லை. இதை டீக்கடையில் சொல்லியிருக்க வேண்டியவன், கடிதத்தில் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் ஜின்சி, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது டிவியில் ஒரு விளையாட்டுப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனாள் அல்லவா? அதில் ஒரு தீவு இருக்கிறது. மண்ணைத் தோண்டலாம், வீடு கட்டலாம், கோழி வளர்க்கலாம், எதைச் செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பொழுது சாய்ந்தால் அங்குள்ள சதுப்பிலிருந்து பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாகச் சில ஜந்துக்கள் எழுந்து வந்து நம்மைக் கடிக்கும். அவற்றுக்கு இங்கிலீஷில் ஏதோ பெயர், வாயில் நுழையவில்லை. பார்க்க அச்சு அசல் சேனைக்கிழங்கு போலவே இருப்பதால் ஜின்சி ‘சேனை’ என்றாள், நாங்களும் சேனை என்றோம். வம்பு அங்கேதான் முளைவிட்டது. இந்தச் சேனையை அடித்தால் பெரும்பாலும் சேறுதான் மிஞ்சும். ஆயிரத்தில் ஒன்று, போனால் போகிறது என்று, ஒரு கவசத் துண்டைப் போட்டுவிட்டுச் சாகும். மார்புக் கவசம், கைக் கவசம், கால் கவசம், தலைக் கவசம் என்று நான்கும் சேர்ந்தால்தான் முழுக் கவசம். மார்பு கும்ப மாசத்தில் கிடைத்தது, கை மேட மாசத்தில், கால் இடவ மாசத்தில். தலை மட்டும் இன்றுவரை இல்லை. தலை கிடைத்த அன்றே இந்தப் பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்று ஏலியிடம் நான் சொல்லாத நாளில்லை.

ஒவ்வொன்றாகத் துரத்தி அடித்தால் எப்போது ஆயிரம் ஆவது? முப்பத்தொரு வருஷம் பாசனக் கால்வாயில் ஷட்டர் ஏற்றி இறக்கியவன் நான். சதுப்பிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல்வரை (தீவிலுள்ள வீட்டைச் சொல்கிறேன்) ஒரு கால்வாய் வெட்டினேன். நான் ஷட்டரைத் திறப்பேன், தண்ணீர் சேனைகளை அடித்துக்கொண்டு வந்து ஜன்னலுக்குக் கீழே குவிக்கும், ஏலி உள்ளே நின்றபடி மண்வெட்டியால் ஒரு போடு போடுவாள், விழுந்ததைப் பொறுக்கிப் பெட்டியில் போடுவாள். வேலை பாதிப்பாதி. ஏழு மணிக்கு ஜெபமாலை, அது முடிந்ததும் சேனை. சர்க்கார் கால்வாயில் ஒரு நாள்கூடத் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததில்லை, சேட்டா. இது போய்ச் சேர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் சன்னியின் டீக்கடையில் வாயைத் திறந்தேன்.

“என்ன இட்டியவிரா சேட்டா, சாயங்காலம் ஆளையே காணோம்?” என்று கேட்டான் சன்னி.

“சேனை விவசாயம்டா. ஏலியும் நானும் எறங்கிட்டோம்.”

“எத்தனை மூடு செடி நட்டிருக்கீங்க?”

“நடுறதா? அது தானா வரும். நேத்து மட்டும் முந்நூத்திப் பன்னெண்டு.”

புட்டு தின்றுகொண்டிருந்தவன் வாயில் புட்டோடு திரும்பினான். “முந்நூத்திப் பன்னெண்டை என்ன செஞ்சீங்க?” என்றான்.

“எனக்குத் தலை மட்டும்தான்டா வேணும். மத்ததெல்லாம் அப்படியே சேத்துல விட்டாச்சு.”

‘சேனையில் தலைதான் விதை, தலை இல்லாத துண்டு அடுப்புக்குத்தான்’ என்று நாற்பது வருஷமாக ஊருக்குச் சொல்லிவருபவர் தாங்கள். அந்தப் பாடத்தை அன்றைக்கு நான் சொன்னதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இவன் எவ்வளவு பெரிய கில்லாடி என்கிற மாதிரி பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு டீயைக் குடித்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

மறு வாரம், தலைக்காக ஒரு ஜெபம் சொல்லுங்க அச்சா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். “எத்தனை நாளா இட்டியவிரா தலைக்கு இப்படி?” என்றார். “ஆறு மாசமா அச்சா” என்றேன். தலைவலித் தைலம் கொடுத்தனுப்பினார். அதைத் தேய்த்துக்கொண்டுதான் சளி பிடித்தது, இருமல் வந்தது, ஏலிக்கும் ஒட்டிக்கொண்டது. அதை விடுங்கள். வார்டு மெம்பர் லைசம்மா கடைப் பேச்சைக் கேட்டு கிருஷி பவனுக்கு எழுதிப்போட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை கொட்டுகிற மழையில் அஞ்ஜு மேடம், புது விவசாய அதிகாரி, குடையும் நோட்டுமாக வாசலில் வந்து நின்றது. சின்னப் பெண், நல்ல பெண். தோட்டத்தைப் பார்க்கணும் என்று கேட்டது. மழையில் வேண்டாம் மேடம், வழுக்கும் என்றேன். சத்தியம்தானே.

“சரி, முறைய மட்டும் சொல்லுங்க. ஒரம் என்ன போடுறீங்க?”

“ஒண்ணும் போடுறதில்ல மேடம்.”

“பூச்சித் தொல்லை?”

“அதுவே பூச்சி மாதிரிதான். அசந்தா கடிச்சிரும்.”

“கை அரிக்குமோ?”

“அரிக்காது. ரொம்பப் பக்கத்துல வந்தா வெடிக்கும்.”

மேடம் நோட்டில் ‘புதிய ரகம்’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டது. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், ஏலி சாட்சி. அதற்குள் மேடம், “சிங்ஙம் மாசம் ஒண்ணாந் தேதி உழவர் நாளுக்கு நம்ம பஞ்சாயத்துல கிழங்கு விவசாயத்துக்கான பொன்னாடை உங்களுக்குத்தான் சேட்டா” என்றது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். சேட்டா, முப்பத்தொரு வருஷ வேலையில் என் தோளில் ஒருவன் ஒரு ஈரத் துண்டுகூடப் போட்டதில்லை. ஆசைப்பட்டுவிட்டேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் ஜங்ஷனில் பிளெக்ஸ் வைத்தார்கள். என்னிடம் நல்ல போட்டோ இல்லாததால், எவனோ ஒருவன் சேனையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படத்தில் என் ஆதார் அட்டைத் தலையை வெட்டி ஒட்டிவிட்டார்கள். ஆறு மாதமாகத் தலைக்கு அலைகிறவனுக்குத் தலையை மட்டும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். கீழே இருந்த உடம்பு யாருடையது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. போன வருஷத்துக் கண்காட்சியில் எடுத்த தங்கள் படம் அது என்று ஏலிதான் கண்டுபிடித்தாள். அந்தச் சட்டைக்குப் பித்தான் தைத்தவள் அவள். மூன்று வருஷமாக இரண்டாம் இடத்தோடு திரும்பிவந்த மனுஷர் தாங்கள். தங்கள் உடம்பு, தங்கள் சேனை, தங்கள் சட்டை, மேலே என் தலை. அதைப் பார்த்ததும் தாங்கள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து குடையைக்கூட மடக்காமல் முற்றத்தில் நின்றீர்கள்.

“எங்கடி ஏலி, உன் புருஷன் வெச்ச சேனை? முற்றத்துல ஒரு சேம்பு எலைகூடக் காணோம்!”

ஏலி என்ன சொல்வாள்? “டிவிக்குள்ள இருக்கு சேட்டா” என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். தாங்கள் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு, காப்பியைத் தொடாமல் போய்விட்டீர்கள். அன்றையிலிருந்து இது மூன்றாவது ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் ஏலி அரிசிமாவுப் பிடியும் கோழிக்கறியும் வைத்து, தங்கள் இடத்தில் தட்டைப் போட்டு, இரண்டு மணிவரை பார்த்துவிட்டு எடுத்து வைக்கிறாள். பேசாமல் எடுத்து வைக்கிறாள். அவள் திட்டினால் எனக்குப் பழக்கம், தாங்கிக்கொள்வேன். பேசாமல் ஒரு தட்டைக் கழுவுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது வேண்டுகோள். வரும் புதன்கிழமை கமிட்டி தோட்டம் பார்க்க வருகிறது. ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, செவ்வாய் சாயங்காலத்துக்குள் தங்கள் தோட்டத்திலிருந்து ஒரு நாற்பது சேனையை இலையும் தண்டுமாகத் தோண்டி எனக்குக் கடனாகத் தர வேண்டும். விளைய இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது என்பது தெரியும். கும்ப மாசத்தில் நட்டால் குடம் போல என்று தாங்கள் சொல்வீர்கள், இப்போது தோண்டினால் கிண்ணம் போலத்தான் இருக்கும் என்பதும் தெரியும். முற்றத்தில் ஊன்றி வைத்து, கமிட்டி போனதும் சேதமில்லாமல் திருப்பித் தந்துவிடுவேன், தாங்கள் மறுபடி நட்டுக்கொள்ளலாம். கைம்மாறாக மேடையில் மைக்கைப் பிடித்து, சேனை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அளியன் சொல்லித்தந்தது என்று சொல்வேன். அதோடு தீவில் தங்களுக்கென்று ஒரு இரும்பு மண்வெட்டியும் எடுத்து வைத்திருக்கிறேன். மானம் கப்பலேறப் போகிறது, சேட்டா. போகிற கப்பலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். மாடுகளுக்குக் குளம்பு நோய் வராமலும், மரநாய் கோழிக்கூட்டை அண்டாமலும், தங்கள் சேனை குடம் குடமாக விளையவும் புண்ணியவாளனான புனித கீவறுகீஸ் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள அளியன்
இட்டியவிரா (ஓய்வு, பாசனத் துறை)

பின்குறிப்பு: சேட்டா, சேனையைத் தோண்ட வேண்டாம். தோண்டத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தை ஏலியிடம் கொடுத்தேன். டீக்கடை வரைக்கும் சிரித்தாள், தைலத்துக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முன்பக்கத்துக்குத் திரும்பி, தலை கிடைத்த அன்றே பெட்டியைப் பூட்டிவிடுவேன் என்கிற வரியை இன்னொரு முறை படித்தாள். எழுந்து போய் டிவியைப் போட்டாள். பட்டப்பகலில் சேனை வராதே ஏலி என்றேன். அவள் தீவில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் மண்ணைத் தோண்டினாள். உள்ளே ஒரு பெட்டி. பெட்டிக்குள் தலை. ஒன்றல்ல, ஏழு தலைகள். முதல் தலை மேட மாசத்திலேயே கிடைத்துவிட்டதாம், காலுக்கும் முன்னால்.

“ஏன்டி சொல்லல?”

“கெடைச்ச அன்னிக்கே பூட்டிருவேன்னு சொன்னது யாரு? பூட்டிட்டு ஆறு மணிக்குச் சன்னி கடைக்குப் போயிருவீங்க. முப்பத்தொரு வருஷம் கால்வாய்க்குப் போயிட்டீங்க மனுஷா. மிச்சமிருக்குறதையும் டீக்கடைக்குக் குடுக்கணுமா?”

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து போய்த் தங்கள் தட்டை நானே கழுவினேன்.

நாளைக் காலை கிருஷி பவன் திறந்ததும் போய் அஞ்ஜு மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வார்டில் சேனை வைக்கிறவர் ஒருவர்தான், அவர் தாங்கள்தான். பொன்னாடை போக வேண்டிய தோளுக்கே போகட்டும். பிளெக்ஸைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை, தலையை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்த ஞாயிறு அண்ணியோடு பிடி தின்ன வாருங்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். ஆனால் ஏழு மணிக்கு மேல் இருக்கச் சொல்லமாட்டேன், ஜெபம் முடிந்ததும் எங்களுக்கு வேலை இருக்கிறது. எட்டாவது தலை இன்னும் கிடைக்கவில்லை.