ககன்வீரின் தங்கை

ககன்வீர் தன் தங்கையின் முன்னால் முட்டி போட்டு, அவள் விரலில் மோதிரம் மாட்டினான்.

ஆவடி குவார்ட்டர்ஸில், உத்தமன் வீட்டுக் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பி உத்தமனைப் பார்த்தார்கள்.

“இன்னா அண்ணாத்தே இது?” என்றாள் பக்கத்து வீட்டு ஜமீலா. “கூடப் பொறந்தவளுக்கு எவனாச்சும் இப்டி மோதிரம் போடுவானா?”

உத்தமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவள் தங்கை என்று ககன்வீர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னவர் உத்தமன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் இந்தி பேசிக்கொண்டு வரும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளை வெளிநாட்டுத் தொடரின் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். அதன் நாயகன் ககன்வீர் ஒரு பெரிய கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறவன். ஊருக்கு ஆபத்து என்றால் லிப்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வான். மொட்டை மாடியில் கதவு திறக்கும்போது முகமூடியும் முதுகில் துணியுமாக வந்து பறப்பான். பறக்கும்போது இடுப்பில் கட்டிய கம்பி தெரியும். தாண்டிய ஜன்னலையே திரும்பத் திரும்பத் தாண்டுவான். உத்தமன் இதையெல்லாம் கவனிக்காதவர் அல்ல. கம்பி தெரிவதைப் பற்றிக் கவலையே இல்லாமல் சிரித்த முகத்தோடு பறக்கிறானே, அதற்காகவே அவனைப் பிடிக்கும். தொழிற்சாலையில் போர்மேன் திட்டும்போதெல்லாம் உத்தமன் மனசுக்குள் லிப்ட் கதவைச் சாத்திக்கொள்வார்.

இந்திதான் தகராறு. மத்திய அரசு உத்தியோகத்தில் இந்திப் பரீட்சை தேறினால் சம்பளம் கொஞ்சம் ஏறும் என்பதால் உத்தமன் எழுதித் தேறியிருந்தார். சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியும் இருந்தார். பரீட்சையில் பசுவைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். அவர் மனப்பாடம் செய்திருந்ததும் பசுதான். பசுவைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவருக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ககன்வீர் இதுவரை ஒரு பசுவைக்கூடக் காப்பாற்றவில்லை.

ஆனால் சுவரில் சான்றிதழ் தொங்கும்போது, “இன்னா சொல்றான் சார்?” என்று கேட்பவர்களிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? சொந்தமாகக் கதை சொல்ல ஆரம்பித்தார். முதல் வாரம் அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி ககன்வீரின் தோளில் சாய்ந்தாள். கூடத்தில் குழந்தை குட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்களே என்று, “தங்கச்சி” என்று சொல்லிவைத்தார்.

அது இப்போது மோதிரத்தில் வந்து நிற்கிறது.

“வடக்க கயிறு கட்டுவாங்கல்ல, அண்ணன் தங்கச்சி பண்டிகைக்கு?” என்றார். “அது மாதிரி அவங்க ஊர்ல மோதிரம்.”

“கயிறு தங்கச்சியில்ல அண்ணனுக்குக் கட்டும்?” என்றாள் பால்காரப் பூங்காவனம். அயனம்பாக்கத்திலிருந்து பால் கொண்டுவருகிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொடர் முடியாமல் கிளம்பமாட்டாள்.

“இது சொந்தத் தங்கச்சி இல்ல. எடுத்து வளத்தது. அதனால மாத்திப் போடறாங்க.”

அடுத்த வாரம் ஒரு வயதான அம்மாள் வந்து ககன்வீரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் ஒருநாள் வானத்தை நிமிர்ந்து பார்த்தான் என்பதற்காக, அவன் அம்மா செத்துப்போனதாக உத்தமன் எப்போதோ சொல்லியாகிவிட்டது.

“யாரு அண்ணாத்தே இது?” ஜமீலா விடுவதாயில்லை.

“பெரியம்மா.”

“பெரிம்மா ஏன் தங்கச்சி கையப் புடிச்சி இவன் கையில வெக்கிறா?”

“சொத்து பிரிக்கறாங்க” என்றார் உத்தமன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அவர் மனைவி லோகநாயகி ஜமீலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

தொடரின் கடைசி வாரம் நெருங்கியது. அப்போதுதான் ஜமீலா அந்தக் குண்டைப் போட்டாள்.

“மேல் வீட்டுக்கு மணவாளன்னு ஒருத்தர் வந்துகீறாரு அண்ணாத்தே. கான்பூர்லேந்து மாத்தலாம். நம்ம பேக்டரில இந்திக்கே அவருதான் ஆபீசராம். டிவி இன்னும் வந்து சேரலயாம். ஞாயித்துக்கெழம நம்ம அண்ணாத்தே ஊட்டுக்கு வாங்க சார்னு நானே கூப்ட்டுட்டேன்.”

பரீட்சையைத் திரும்ப எழுதச் சொல்வார்களோ என்று உத்தமனுக்கு ஒரு பக்கம் பயம். அதைவிட, இத்தனை பேர் முன்னால் குட்டு உடைந்தால் அடுத்த ஞாயிறு முதல் இந்தப் படியில் ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள். வாரம் முழுவதும் போர்மேனுக்குத் தலையாட்டுகிறவருக்கு, நாலு பேர் வாயைப் பார்க்கிற இடம் இது ஒன்றுதான்.

“உடம்பு சரியில்லன்னு சொல்லிடேன்” என்றார் லோகநாயகியிடம்.

“சொன்னா எல்லாரும் உடம்பு எப்படியிருக்குன்னு பாக்க வருவாங்க. வந்தவங்க டிவியையும் பாப்பாங்க” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உத்தமன் மொட்டை மாடிக்குப் போனார். பட்டணத்தைப் பார்த்து நின்ற ஆன்டெனாவை, படம் வராதபடி எதிர்ப்பக்கமாக வேப்பம்பட்டைப் பார்க்கத் திருப்பினார். கடைசி வாரத்தைத் தானும் பார்க்க முடியாது என்று நினைத்தபோது நெஞ்சு நிஜமாகவே வலித்தது. மன்னித்துக்கொள் என்று ககன்வீரிடம் சொல்லிக்கொண்டார். வேறு யாரும் ஏறிச் சரிசெய்துவிடக் கூடாதே என்று மாடிக் கதவைப் பூட்டி, சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தார்.

கூட்டம் சேர்ந்தது. சபாரி உடையில் மணவாளன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டிவியைப் போட்டார்கள். திரை முழுக்க ஒரே புள்ளி. ஆனால் சத்தம் மட்டும் கணீரென்று வந்தது.

“படம் போனா இன்னா?” என்றாள் ஜமீலா. “வசனம் வருதுல்ல? அண்ணாத்தே ஒண்ணு விடாம சொல்லிடும்.”

படம் இருந்தபோதாவது யார் அழுகிறார்கள், யார் அடிக்கிறார்கள் என்று தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. மாடிக்கு ஓடிப் பழையபடி திருப்பிவிடலாம் என்றால் சாவி சாக்கடையில் கிடந்தது.

உத்தமன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ‘டமால்’ என்று கேட்டது. செம்பரம்பாக்கம் ஏரி மாதிரி ஒரு ஏரியை வில்லன் வெடி வைத்து உடைக்கிறான் என்றார். ஒரு பெண் அலறினாள். தங்கச்சி தண்ணீரில் போகிறாள் என்றார். ககன்வீர் நீளமாக ஏதோ பேசினான். “ஏன் லிப்டு வேல பாக்கறேன் தெரியுமா? கீழ நிக்கறவன மேல கொண்டுபோறதுக்குத்தான்” என்று சொல்வதாகச் சொன்னபோது உத்தமனே எழுந்து நின்றுவிட்டார். பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கடைசியில் மணி அடித்து, ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

“தங்கச்சிக்குக் கல்யாணம்” என்று முடித்தார். “மாப்ள வெளியூரு.”

மணவாளன் எழுந்து நேராக வந்தார். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிடலாம் என்று உத்தமன் வாயைத் திறப்பதற்குள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பிரமாதம் சார். நானே மொழிபெயர்த்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மாடிப்படி ஏறிவிட்டார்.

உத்தமனுக்குப் போன உயிர் திரும்பியது. ஆபீசரே சொல்லிவிட்டார். ஒருவேளை தனக்கு இந்தி தெரியும்தானோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

கூடம் காலியானதும் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டிருந்த திரையின் முன்னால் தனியாக உட்கார்ந்தார். ககன்வீரின் கதை முடிந்துவிட்டது. அவன் ஜெயித்தானா, முகமூடியைக் கழற்றினானா, அந்தப் பெண்ணிடம் என்னதான் சொன்னான் என்று, இந்தக் குவார்ட்டர்ஸிலேயே அவனை அதிகம் நேசித்த மனிதருக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. கண் கலங்கிவிட்டது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஜமீலா எட்டிப் பார்த்தாள்.

“அண்ணாத்தே, நாளைக்கிக் காலைல நீயும் அந்த ஆபீசரை இட்டுகினு, தண்ணி புடிக்கிற கொயாயடிக்கு வந்துடு.”

“எதுக்கும்மா?”

“எங்க ஊட்ல உருதுதானே, டிவில பேசற இந்தி அத்தினியும் எனக்குப் புரியும், ஒனக்கும் புரியல ஆபீசருக்கும் புரியல, வாரா வாரம் நெஜக் கதைய நான் அங்கதான் சொல்றேன், நம்ம லோகநாயகி அண்ணிதான் மொத ஆளா வந்து எடம் புடிக்கும்!”