அப்பாவின் படகுக்கு அரப்பு

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு வேலை செய்வதை வேடிக்கை பார்த்துவிட்டால் போதும், அது எனக்கும் தெரியும் என்று சொல்லிவிடுவேன். மிக்சியில் ஆரம்பித்து ஸ்கூட்டர் வரை நான் இப்படிக் கெடுத்த சாமான்கள் நிறைய. ஆனால் வீட்டில் இன்றுவரை சொல்லிக்காட்டுவது படகை மட்டும்தான்.

அப்பா மைசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் மாடி எடுப்பார் என்று அம்மா காத்திருக்க, அவர் ஒரு பழைய டீசல் படகை வாங்கினார். ஊருக்கு வெளியே காவிரித் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில், மாதப்பா என்ற உள்ளூர்க் கன்னடக்காரரோடு சேர்ந்து அக்கரைக்கு ஆள் ஏற்றினார். ஒரு சொட்டு ஆயில்கூட ஆற்றில் விழக்கூடாது, ஜனங்கள் குடிக்கிற தண்ணீர் என்பது அவர் போட்ட சட்டம்.

அவர் போனபோது நான் ஆபீஸ் பயிற்சிக்காகப் போபாலில் இருந்தேன். விமானம் தாமதமாகி, நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போது அப்பாவை எடுத்துப்போய் வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். எங்கள் பூர்வீகமான கௌதள்ளிப் பக்கத்து வழக்கப்படி, கடைசியாகக் குளிப்பாட்டும் முன் சொந்தபந்தம் எல்லோரும் தலையில் எண்ணெயும், எண்ணெய்ப் பசை போக்கும் இலைத்தூளான அரப்பும் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வைத்திருந்தார்கள். மகள் நான் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அஸ்தியை அவர் படகிலேயே கொண்டுபோய்க் கரைப்பது என்று முடிவானது. படகைத் தயார் செய்வது என் பொறுப்பு என்றேன். அண்ணன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். (வேறு நாளாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றிருப்பான்.)

அதற்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணனின் காரை எடுத்துக்கொண்டு போனேன். மாதப்பா அக்கரையில் இருந்தார். இன்ஜின் ஆயில் தார் மாதிரிக் கறுத்திருந்தது. அப்பா ஆயில் மாற்றுவதைப் பத்துத் தடவை பார்த்தவள் ஆயிற்றே! அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றிப் பழசை ஒரு டப்பாவில் வடித்து எடுத்து வைத்தேன். படகிலேயே இருந்த புது ஆயில் நாலு லிட்டரையும் ஊற்றினேன். அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்தது. கைக்குட்டைக்காகச் சுடிதார் பையில் கைவிட்டால், கனமாக ஏதோ தட்டுப்பட்டது. அந்தப் போல்ட்டு.

பலகையைத் தூக்கிப் பார்த்தேன். படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று இருக்கும். நாலு லிட்டரும் அங்கே பத்திரமாக இருந்தது. தேங்குவதை ஆற்றில் இறைத்துவிட ஒரு சின்ன பம்ப் உண்டு. அதன் வயரை முதலில் பிடுங்கினேன். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

இருந்த கந்தல் துணியெல்லாம் ஊறி முடிந்தது. என் துப்பட்டாவும் போனது. அப்போதுதான் கார் டிக்கியில் இருந்த பை ஞாபகம் வந்தது. அப்பாவுக்காக அண்ணன் தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய அரப்புத்தூள். எவ்வளவு என்று சொல்லத் தெரியாமல் மூன்று கிலோ வாங்கியிருந்தான்; முக்கால்வாசி மிச்சம். எண்ணெய் போக அரப்பு. இதற்கு யோசிக்க வேண்டுமா என்ன?

கொட்டினேன். தண்ணீர் விட்டேன். குழைத்தேன்.

ஆயில் போகவில்லை. கறுப்பும் பச்சையுமாகப் படகு நிறையக் களி கிண்டியதுபோல் ஆனது. இண்டு இடுக்கெல்லாம் அப்பிக்கொண்டது. பள்ளத்துக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து கொட்டாங்குச்சியால் சுரண்டிச் சுரண்டி வாளியில் போட்டேன். முழங்கை, மூக்கு, தலைமுடி எல்லாம் களி. அக்கரையிலிருந்து பரிசலில் வந்து சேர்ந்த மாதப்பா முதலில் என்னை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை.

குனிந்து ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார்.

"பொடி மட்டும் போட்டிருந்தா சாக்கும்மா, போதும், அதுவே ஆயிலைக் குடிச்சிருக்கும். நீரு யாக்கே, எதுக்கு ஊத்துனீங்க?"

"தலைக்கு வெக்கறப்போ தண்ணி விட்டுத்தானுங்கண்ணா குழைப்போம்," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டேன். இரண்டு நாளாக வாய்விட்டு வராத அழுகை. எல்லோரும் வைத்தார்கள், நான் மட்டும் வைக்கவில்லை என்று அந்த மனிதரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, இன்னொரு கொட்டாங்குச்சியோடு எனக்கு எதிரே குனிந்தார். இருட்டுவதற்குள் ஐந்து வாளி அள்ளினோம். ஆற்றில் ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் இன்ஜினில் ஊற்ற ஆயில் இல்லை. அண்ணன் மடியில் அஸ்திக் கலசத்தோடு உட்கார்ந்திருக்க, மாதப்பாவும் நானும் துடுப்புப் போட்டோம். சத்தமே இல்லை. நடு ஆற்றில் அம்மா திடீரென்று மூக்கைச் சுருக்கி முகர்ந்தாள்.

"ஏங்கண்ணு, இங்க யாரு தலைக்கு வாத்தது?"

மாதப்பா என்னைப் பார்த்தார். ஒளிக்க வழியில்லாமல் போல்ட்டில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கலசத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தான். அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

அம்மா குனிந்து படகுப் பலகையைத் தடவினாள்.

"உங்கொப்பன் வீட்டுல இருந்ததை விட இதுக்குள்ள இருந்ததுதான் அதிகம். அவருக்கு வெச்ச மாதிரிதான் போ," என்றாள்.

பிறகு அஸ்தியைக் கரைத்தோம். தண்ணீர் தெளிவாக இருந்தது.

இப்போதும் வீட்டில் எங்கே எண்ணெய் சிந்தினாலும், துணியைத் தேடுவதற்கு முன் அண்ணன் உரக்கக் கேட்பான்: "அரப்பு எடுத்தாரட்டுமா?" எல்லோரும் சிரிப்போம், அம்மாதான் முதலில். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு நிற்பேன்.