கள்ளன் மலையடியில் சம்பந்தம் விசாரித்தது

மோர்டன், லண்டன்,
17.05.2004

பேரன்புள்ள பெரியண்ணைக்கு,

தம்பி வாமதேவன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் அண்ணியும் சுகமாகவும், உங்கள் சர்க்கரை வியாதி அடக்க ஒடுக்கமாகவும் இருக்கக் கடவுள் அருள்வாராக.

என் மகள் மங்கை கட்ட விரும்பும் ஸ்கொட்லாந்துப் பெடியன் இயனைப் பற்றி, "ஆக்கள் ஆர், எந்த ஊர் எண்டு விசாரிச்சனியோ? பரம்பரை முதுசக் காணி உள்ள குடும்பம் நாங்கள், மறந்திடாதை" என்று போனில் கேட்டீர்கள். நீங்கள் ஓம் சொல்லாமல் தாலி ஏறாது என்பது மங்கைக்கும் தெரியும். ஆகவே நானும் என் மனுசி சிவனேஸ்வரியும் ஸ்கொட்லாந்துக்கு ரயிலேறினோம். பெடியன் வீட்டுக்குத் தெரியாமல் அயலில் விசாரிப்பதுதானே நம் முறை. அங்கே அயல் என்றால் செம்மறியாடுகள். நாலு மைலுக்கு ஒரு வீடு, மழை வேறு. பின்னால் பென் மேர்லக் என்றொரு மலை. அதன் அடிவாரத்தில்தான் இயனின் ஆக்கள் முந்நூறு வருடமாக இருக்கிறார்களாம். மலையை விசாரித்தால் மனிதரை விசாரித்த மாதிரி என்று தபால் கந்தோர்ப் பெண்மணியிடம் கேட்டேன். மேர்லக் என்றால் அவர்களுடைய பழைய பாஷையில் கள்ளனாம். இயனின் பூட்டனுக்குப் பூட்டன் ஊர் மாடுகளைக் களவெடுத்து மலையில் ஒளித்தானாம், அதனால் வந்த பெயராம். ஒருத்தி சொன்னால் போதாதென்று பாதிரியாரைக் கேட்டேன். கள்ளன்தான், ஆனால் மாடில்லை, குதிரை என்றார். மூன்றாவது ஆளைத் தேடுமுன் இயனின் தகப்பனே வந்துவிட்டார். நான் விசாரிக்கிற செய்தி எனக்கு முன்னமே அவர் வீட்டுக்குப் போயிருந்தது. கூட்டிக்கொண்டுபோய்ச் சூப் தந்து, சுவரிலிருந்த மலைப்படத்தைக் காட்டி, "மாடும் குதிரையும் இரண்டுந்தான்" என்று பெருமையாகச் சொன்னார்.

"ஒளிக்காமல் சொல்லுற சனம், நல்ல சனம்" என்று சிவனேஸ்வரி இரண்டாந்தரமும் சூப் வாங்கினாள். எனக்கும் இயனைப் பிடிக்கும் அண்ணை, அதுதான் கவலை. என் முழங்கால் ஒப்பரேஷனுக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து நின்றவன் அவன். என்றாலும் கள்ளன் மலையடியில் சம்பந்தம் என்று நாலு பேருக்கு எப்படிச் சொல்வது? நம் குடும்பத்துக்குச் சரிவராது என்று மங்கையிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக அவள் என்னோடு கதைப்பதில்லை.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் சொல்லைத் தட்டாத,
தம்பி வாமதேவன்

பி.கு: உறையை ஒட்டுமுன் சிவனேஸ்வரி இதை வாங்கி வாசித்தாள். நேரே போய், நீங்கள் பத்திரமாக வைக்கச் சொல்லித் தந்த முதுசக் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியைச் சூட்கேசிலிருந்து எடுத்துவந்து முதல் பக்கத்தைக் காட்டினாள். காணியின் பெயர் 'கள்ளன் வளவு', பரப்பு ஏழு. எங்கள் அப்பு ஏன் அந்தக் காணியை வளவு, வளவு என்று மட்டும் சொல்லித் திரிந்தார் என்பது இப்போதுதான் விளங்கியது. உங்களுக்கு முன்னமே தெரியும் என நினைக்கிறேன். கடிதம் மூன்று நாள் ஒட்டாமலே கிடந்தது, அதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது: கலியாணம் ஓகஸ்ட் 29, ஞாயிற்றுக்கிழமை. சட்டனில் மண்டபம் எடுத்தாயிற்று, வேட்டியோடு வரவும். மங்கை அந்தப் பக்கத்தை இயனின் தகப்பனுக்கு ஃபாக்ஸில் அனுப்பிவிட்டாள். மலைப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறாராம். எங்கள் ஆள் களவெடுத்தது மாடா, குதிரையா என்று கேட்கிறார். மூத்தவர் நீங்கள்தான் சொல்லவேண்டும்.