பதினாலாம் பக்கத்தில் கடல்

"கடல் எங்கடா இருக்கு?"

"பதினாலாம் பக்கத்துல சார்!"

மூன்றாம் வகுப்பு மொத்தமும் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கத்தியது. பூகோள வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரி, ஆத்தை எப்படித் தாண்டுறது?"

"எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பணும் சார்!"

எல்லாம் தலைமையாசிரியை பண்ணின வேலை. ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டு வந்த அம்மையார், வந்த வேகத்தில் பூகோளப் பாடப்புத்தகத்தையும் உலகப்படத்தையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "இனிமே கதைப் புத்தகத்தை வெச்சுத்தான் பூகோளம். குழந்தைங்களுக்குத் தானா வந்துடும்" என்று ஒரு படக்கதையை இவர் கையில் திணித்தார். மலையில் பிறந்த ஆமை ஒன்று ஆறு, காடு, பாலைவனம் எல்லாம் கடந்து, கடலில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிற கதை. பிள்ளைகளுக்கு ஆமை வந்தது, பூகோளம் வரவில்லை.

அடுத்த வாரம் ஆய்வாளர் வருகிறார். கணக்கு டீச்சர் வந்து காதைக் கடித்தார்.

"போன வருஷம் ஆய்வு முடிஞ்ச கையோட பாட்டு வாத்தியாரை மலைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி அடிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? பாவம், என்ன சொதப்பினாரோ!"

மலைப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் கிடையாது. ஃபோனில் சிக்னலும் கிடையாது. மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "போறதா இருந்தா நீங்க மட்டும் போங்க. வேலையை விட்டுட்டு, கைக்குழந்தையைத் தூக்கிட்டு என்னால மலையேற முடியாது." மகள் இப்போதுதான் 'அப்பா' சொல்ல ஆரம்பித்திருந்தாள். அதைக் கேட்காமல் தனியாகக் குளிரில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கக்கூட வாத்தியார் தயாராக இல்லை.

பக்கம்தானே பிரச்சினை? புத்தகத்தையே தாள் தாளாகப் பிரித்தார். மேற்கே ஆசிரியர்கள் அறைச் சுவரில் மலையை ஒட்டினார். கிழக்கே தலைமையாசிரியை அறைக் கதவில் கடல். வடக்கே கழிவறைப் பக்கம் காடு. தெற்கே தண்ணீர்க் குழாய்க்கு மேலே பாலைவனம். பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நன்றாகவே புரிந்துகொண்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே.

மறுநாள் ஒரு குழந்தையின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், என் பொண்ணு நாக்கு வறண்டு வீட்டுக்கு வர்றா. ஏண்டி தண்ணி குடிக்கலன்னு கேட்டா, 'பாலைவனத்துல ஏதும்மா தண்ணி'ன்னு என்னையே திருப்பிக் கேக்குறா!"

வாத்தியார் அவசர அவசரமாகக் காட்டைக் குழாய்க்கு மாற்றி, பாலைவனத்தைக் கழிவறைக்கு அனுப்பினார். அப்போதும் குழாய்ப் பக்கம் ஓர் ஈ காக்கைகூடப் போகவில்லை. படத்தில் புலி இருக்கிறதாம்.

"அட, அது நல்ல புலிடா. கீரைதான் சாப்பிடும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

பிள்ளைகள் வயிறு முட்டக் குடித்தார்கள். அப்பாடா என்று இவர் மூச்சு விட்ட நேரத்தில் விஞ்ஞான டீச்சர் விடைத்தாள் கட்டோடு வந்து நின்றார்.

"இலை தழை திங்கிற மிருகம் ஒண்ணு எழுதச் சொன்னா, வகுப்பே புலின்னு எழுதி வெச்சிருக்கு. யார் சார் இந்தப் புண்ணியவான்?"

வேறு வழியில்லை. வகுப்பில் போய், புலி மாமிசம்தான் சாப்பிடும் என்று உண்மையை ஒப்புக்கொண்டார். முதல் பெஞ்சு வாயாடி எழுந்து நின்றாள்.

"அப்ப நேத்து எங்களை எதுக்கு சார் அங்க அனுப்பினீங்க?"

இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள். அந்த அழுகை ஓய்வதற்குள் ஆய்வாளரின் ஜீப் வந்துவிட்டது.

ஆய்வாளர் வகுப்புக்குள் வந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வாத்தியாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மலை எங்கம்மா இருக்கு?"

"சாருங்க எல்லாம் தூங்குற ரூம்ல!" என்றாள் வாயாடி.

"பாலைவனம்?"

"பாத்ரூம்ல. அங்கதான் தண்ணி வராது."

தலைமையாசிரியை இருமினார். ஆய்வாளரின் புருவம் மேலே போனது.

"சரி, கடல்?"

"பெரிய டீச்சர் ரூம் சார். எப்பவும் சத்தமா இருக்கும். கிட்டப் போனா உள்ள இழுத்துக்கும்!"

தொலைந்தோம் என்று வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஆய்வாளர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் சார்! உலகத்தையே பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு வந்துட்டீங்களே! இப்படி ஒரு ஆளைத்தான் நான் தேடிட்டு இருந்தேன்" என்று வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, டீ குடிக்கக் கடலுக்குள் போனார்.

வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. வராந்தாவுக்கு ஓடிவந்து மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"தப்பிச்சோம்மா! ஆய்வாளர் வாயாரப் பாராட்டிட்டாரு. மலையாவது மண்ணாவது! சாயங்காலம் பாப்பாவை வெளிய கூட்டிட்டுப் போறோம், ரெடியா இரு!"

பக்கத்தில் தூணில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்த ஜீப் டிரைவர், அவரை மேலும் கீழும் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஸ்வெட்டர் ஏதாவது இருக்கா சார்? ஐயா பாராட்டினவங்களைத்தான் மலைக்கு அனுப்புவாரு. சொதப்பினவங்களை இருக்கிற இடத்துலயே விட்டுடுவாரு."