டிக்கி காய்ந்தால் நான் வருவேன்

மரியாதைக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், நானும் நலம். நீங்கள் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கார், டிக்கி நீங்கலாக, நலம். அங்கே பெரியம்மாவின் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறோம்.

போன வாரம் போனில் நீங்கள் மூன்று தடவை, "ஏம்மா, எப்போ கிளம்புற?" என்று கேட்டீர்கள். மூன்று தடவையும் நான் "ம்" என்றேன். எப்போ என்று கேட்டால் "ம்" பதில் ஆகாது என்று அம்மா அப்புறம் சொன்னாள். எனக்கும் அது தெரியும். போனில் வராதது எனக்குத் தாளில் வருகிறது, அதனால் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் மன்னிக்கவும். ஐந்து வாரம் சேர்ந்துவிட்டது.

உங்கள் கண் டாக்டரிடம் எனக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறீர்கள். வாசலில் நின்று, கையில் இருக்கிற பட்டியலைப் பார்த்து, ஒவ்வொருவர் பெயராக உரக்கக் கூப்பிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னபோது எனக்குக் குரல் வராமல் போனதும், மணி அடிக்கிற வரைக்கும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதும், மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகாததும் உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் இந்த வேலையைப் பார்த்திருக்கிறீர்கள். நல்லதற்குத்தான் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்குப் பயம். அங்கே வருகிறவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

எனக்காக அம்மா ஆறு புது உடுப்புத் தைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். கிளம்ப இரண்டு நாள் இருந்தபோதுதான் சத்தம் கேட்டது. கார் திரும்பும்போதெல்லாம் பின்னால் "களக், களக்" என்றது. அப்பா முதலில் தன் வயிறு என்று நினைத்து, ஒரு நாள் முழுக்கக் காப்பியை நிறுத்திப் பார்த்திருக்கிறார். அப்புறம் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயர் கிடக்கிற குழியைப் பார்த்தால் ஒரு வாளித் தண்ணீர். அதில் உங்களுடைய இடது கால் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. வலது கால் செருப்பு உங்களிடம் இருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

"அண்ணன் கார்ல தண்ணி வராது" என்றார் அப்பா. "இது யாரோ கொண்டுவந்து ஊத்தினது."

"ஆமா, பூட்டின டிக்கியத் தொறந்து, தண்ணிய ஊத்தி, மேல விரிப்பையும் போட்டு மூடிட்டுப் போயிருக்கான்" என்றாள் அம்மா. "நல்ல பையன்."

அன்றைக்கே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "பெட்டி ஈரத்துல போகக்கூடாது. ஆறும் புதுத் துணி, சாயம் போயிடும். டிக்கி காயட்டும், அப்புறம் பொண்ணு கிளம்பட்டும்." பெரியப்பா, நான் இதுவரை எந்தத் தண்ணீருக்கும் நன்றி சொன்னதில்லை. அன்று சொன்னேன், மனதுக்குள்.

இப்போது கார் விஷயம். பழைய கார் டிக்கியில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை வெளியே நின்று கண்டுபிடிக்க முடியாது. ஓரிடத்தில் நுழைந்து, தகட்டு மடிப்பிலேயே ஊர்ந்து போய், வேறோரிடத்தில் சொட்டும். ஆகவே ஒருவர் வெளியே நின்று ஓஸ் பைப்பால் தண்ணீர் அடிக்க வேண்டும், ஒருவர் டார்ச்சோடு டிக்கிக்குள் படுத்துப் பார்க்க வேண்டும். அப்பாவின் உடம்பு டிக்கிக்குள் போகாது. அம்மா போக மாட்டாள். நான்தான் போனேன். மடிப்பு மடிப்பாக முகப்பவுடரைத் தூவிக்கொண்டு காலை மடக்கிப் படுத்ததும் அப்பா மூடியை இறக்கினார். பெரியப்பா, சொன்னால் சிரிக்கக்கூடாது. அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. அங்கே யாரும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டேன். வலது பக்கப் பின் விளக்கின் அடியில் பவுடரில் ஒரு கோடு விழுந்திருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு நின்றது, கொஞ்சம் பெரிதானது, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஆடியது, விழுந்தது. வெளியிலிருந்து அப்பா, "என்னம்மா, தெரியுதா?" என்று கத்தினார். "வலது விளக்கு" என்று சொல்லியிருந்தால் போதும், இரண்டே வார்த்தை. நான், "தெரியலப்பா" என்றேன்.

வாய் வராமல் சொல்லாமல் இருந்தேனா, வாய் வந்தும் சொல்லாமல் இருந்தேனா என்று நானே எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நடந்தது முதல் வகை. இது இரண்டாம் வகை. இரண்டும் வெளியே கேட்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் பேசாப் பெண் என்று பெயர் வாங்கியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதற்கப்புறம் பாவம் அப்பா. அந்த ஞாயிறு டிக்கி மூடியைச் சுற்றிய ரப்பரை மாற்றினார். அடுத்த ஞாயிறு, தண்ணீர் என்றால் மேலேயிருந்துதான் வரும் என்று பின் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பசை பூசினார். மூன்றாவது ஞாயிறு ரேடியோக் கம்பியின் அடிப்பாகம். நான்காவது ஞாயிறு கோபத்தில் இடது பக்க விளக்கு முழுவதையும் மெழுகினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், வலது பக்கம் போகிறதற்குள் பசை தீர்ந்துவிட்டது. காரில் பசை படாத இடம் என்றால் ஸ்டீயரிங்தான் என்று சொல்ல நினைத்தேன், அதிலும் அவர் கைரேகை இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா வந்து விரிப்பைத் தொட்டுப் பார்த்து, "ஈரமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, திரைச்சீலை தைக்க உள்ளே போய்விடுவாள். சாப்பிடும்போது மட்டும், "அங்க போனாத்தான் நாலு பேர்கூடப் பேசிப் பழகுவா, சீக்கிரம் அதச் சரி பண்ணுங்க" என்பாள்.

ஐந்தாவது ஞாயிறு அப்பாவுக்குச் சாவித் துவாரத்தின் மேல் சந்தேகம் வந்தது. நான் உள்ளே படுத்ததும் மூடியைச் சாத்தினார், சாவித் துவாரத்தைச் சுற்றித் தாராளமாகப் பசை பூசினார், தண்ணீர் அடித்தார். பிறகு சாவியைப் போட்டார். அது பாதி திரும்பி நின்றுவிட்டது. அங்கேயும் போகாது, இங்கேயும் வராது.

"கவலப்படாதம்மா" என்றார் அப்பா. கவலை முழுவதும் அவர் குரலில் இருந்தது.

"பெத்த பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டு என்ன கவலப்படாத! போய் அந்த டிங்கர் கடைக்காரரக் கூட்டிட்டு வாங்க. ஓடுங்க!" என்று கத்தினாள் அம்மா.

அப்பா ஓடினார். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துகிறவர் அந்த டிங்கர் கடைக்காரர், அடுத்த தெரு. நம் காரில் பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் முழுத் தகடு, அந்த வழியாக வர முடியாது. மேலே ஸ்பீக்கர் கழற்றிய இரண்டு ஓட்டை இருக்கிறது, காற்றுக்குக் குறைவில்லை. எனக்குப் பயமே இல்லை. அம்மாவுக்குத்தான். மூடியின் மேல் அவள் கை வந்து படிந்த சத்தம் கேட்டது.

"ஏய், காத்து வருதா?"

"வருதும்மா."

"இருட்டா இருக்கா?"

"டார்ச் இருக்கும்மா."

அப்புறம், மூடியிடம் பேசுகிற மாதிரி, "எல்லாம் நான் செஞ்சதுதான்" என்றாள். "கடைல உனக்கு வேணுங்கறத நான் கேட்டேன். டாக்டர்கிட்ட உனக்கு எங்க வலிக்குதுன்னு நான் சொன்னேன். டீச்சர்கிட்டயும் நானே போய்ப் பேசிட்டு வந்தேன். உன் வாய நான் வாங்கி வச்சுக்கிட்டேன்போல இருக்குடி. நான் இல்லாத எடத்துல உனக்கு அது திரும்பி வருமோ என்னவோ. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் இல்லன்னா, நீ யார்கிட்டப் போய் என்னன்னு கேப்ப?"

முகத்துக்கு நேராக அம்மா என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. நடுவில் ஒரு தகடு இருந்ததால் அவளுக்கும் வந்தது என்று நினைக்கிறேன். டார்ச்சை அணைத்துவிட்டேன்.

அதற்குள் டிங்கர் கடைக்காரர் வந்துவிட்டார். மூடியை இரண்டு தட்டுத் தட்டி, "தங்கச்சி, உள்ள பூட்டுக்குக் கீழ ஒரு கம்பி போகும், அது எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு பாத்துச் சொல்லணும். வெளியேருந்து எனக்குத் தெரியாது" என்றார். முன்பின் பேசியிராத மனிதர். நான் டார்ச்சைப் போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொன்னேன். அவர், "கேக்கல" என்றார். இன்னும் உரக்கச் சொன்னேன். "இடது பக்கம்! இல்ல, உங்களுக்கு வலது! இன்னும் கீழ! அங்க இல்ல, கீழன்னு சொல்றேன்ல!" அந்தச் சத்தம் எனக்கே புதிது. தகடெல்லாம் அதிர்ந்தது. அதே வேகத்தில், நிறுத்தத் தெரியாமல், "தண்ணி வலது பக்க விளக்குல வருதுப்பா! மொதல் வாரமே எனக்குத் தெரியும்!" என்றும் கத்திவிட்டேன்.

பிறகு அப்பாவின் குரல், மெதுவாக, "அஞ்சு வாரம்" என்றது. "அஞ்சு வாரமா இந்தக் கார நான் மொழுகிட்டு இருக்கேன்."

மூடி திறந்தது. வெளிச்சம் வந்ததும் என் குரல் போய்விட்டது. "யப்பா, என்ன தொண்ட! தெருக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார் டிங்கர் கடைக்காரர். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா திட்டவில்லை. பசைக் குழாயை என் கையில் கொடுத்து, "இந்தா, நீயே பண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நானே பண்ணினேன். உள்பக்கம் நான்கு நட்டுகளைக் கழற்றினால் விளக்கு கையோடு வந்துவிடுகிறது. அதற்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற மெத்து ரப்பர் காய்ந்து பிஸ்கட் மாதிரி உடைந்தது. அம்மா துணிக்கு அளவு எடுக்கிற மாதிரி விளக்கைத் தாளில் வைத்துக் கோடு போட்டு, அவள் கத்தரிக்கோலாலேயே புது ரப்பரை வெட்டி, பசை வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டினேன். அப்பா அரை மணி நேரம் தண்ணீர் அடித்தார். உள்ளே விரித்திருந்த செய்தித்தாளை எடுத்து நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார், அவ்வளவு உலர்வாக இருந்தது. அம்மா விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகவே பெரியப்பா, டிக்கி காய்ந்துவிட்டது. வருகிற புதன்கிழமை அப்பாவோடு புறப்பட்டு வருகிறேன். இதுதான் "எப்போ" என்பதற்குப் பதில். ஒரு வேண்டுகோள் மட்டும். கண் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், வாசலில் நிற்பதற்குப் பதிலாக ஒரு கதவுக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ நின்று பெயர் கூப்பிடலாமா என்று. சத்தத்துக்கு நான் பொறுப்பு. திரைச்சீலை அம்மா தைத்துத் தருவாள். கொஞ்ச நாள் கழித்து அதை ஒவ்வொரு விரற்கடையாக விலக்கிக்கொள்ளலாம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் எனக்கு வேண்டும், புதன்கிழமைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இன்று காலை மழை பெய்துவிட்டது. பெட்டியை வைத்து அளவு பார்க்கலாம் என்று போய் டிக்கியைத் திறந்தேன். குழியில் தண்ணீர். உங்கள் செருப்பு மறுபடி மிதக்கிறது.

வலது விளக்கின் அடியில் மூன்று விரல் அகலத்துக்குப் பசையும் ரப்பரும் இல்லை. பிய்த்த மாதிரி இல்லை, தப்பாகப் போட்ட தையலைத் துணி கிழியாமல் பிரிப்பார்களே, அந்த மாதிரி சுத்தமாக எடுத்திருந்தது. அப்பா செய்திருந்தால் பம்பர் வரைக்கும் பசை ஈஷியிருக்கும். காலையில் அம்மா தட்டை என் முன்னால் வைத்தபோது அவள் கட்டைவிரல் நகத்தடியில் கறுப்பாக இருந்தது. நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை, அதற்குள், "மழைல டிக்கி ஈரமாத்தான் இருக்கும், என்ன?" என்றாள்.

நான் "ம்" என்றேன்.

திரும்ப ஒட்ட எனக்குக் கால் மணி நேரம் போதும். ஒட்டப் போவதில்லை. ஐந்து வாரமாக எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூடச் சொல்லாத ஒன்று இப்போது ஞாபகம் வருகிறது. இந்தக் காரில் பின் சீட் என்று ஒன்று இருக்கிறது. காலியாகத்தான் இருக்கிறது.

பெட்டியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு புதன்கிழமை வருகிறேன். வந்ததும் நீங்கள் டிக்கியைத் திறந்தால் தண்ணீர் இருக்கும். எந்த வழியாக வருகிறது என்று அப்பாவிடம் கேட்க வேண்டாம், அம்மாவிடம் போனிலும் கேட்க வேண்டாம். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.